பெரிய திரை வாங்கும் முன் வீட்டை அளந்து பாருங்கள்

தீபாவளி நெருங்கிவிட்டால் ஈப்போ மின்சாதனக் கடைகளின் வாசலில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வரிசை கட்டி நிற்கும். எச்.டி., முழு எச்.டி., 4கே என்று அட்டைகள் தொங்கும். நம்மில் பலருடைய வீடுகளில் அந்த அட்டையைப் படித்து அப்பா அம்மாவுக்கு விளக்கும் பொறுப்பு பிள்ளைகளுக்குத்தான். அந்தப் பொறுப்பு இவ்வாண்டு எனக்கு வந்தது.

நாங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் வசிக்கிறோம். பாட்டி காலத்தில் ரப்பர் தோட்டத்து லயத்து வீடு. 55 அங்குல 4கே பெட்டி ஒன்றைத் தவணையில் எடுக்க அப்பா நினைத்திருந்தார். அதே சமயத்தில் ஆறாம் படிவம் போகும் தம்பிக்கு மடிக்கணினி தேவைப்பட்டது. இரண்டு தவணைகளை ஒரே சம்பளம் தாங்காது. ஆகவே, தெளிவான படத்துக்கு எவ்வளவு செலவழிப்பது நியாயம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பர் 28இல். வண்ணப் படம் 1978இல் வந்தது. தோட்டத்தில் மின்சாரம் மாலையில் சில மணி நேரம்தான் இருக்குமாம். கார் பேட்டரியில் ஓடிய ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியைச் சுற்றி லயமே உட்கார்ந்திருக்கும் என்று பாட்டி சொல்வார். படத்தில் புள்ளி விழுந்தால் ஒருவர் வெளியே போய் ஏரியலைத் திருப்ப வேண்டும். அந்தப் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019இல் லங்காவியில் தொடங்கிப் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் டிஜிட்டலுக்கு மாறியது.

இப்போது எண்களைப் பார்ப்போம். திரையில் தெரியும் படம் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. பழைய தரத்தில் 720 x 576, அதாவது ஏறக்குறைய 4 லட்சம் புள்ளிகள். முழு எச்.டி.யில் 1920 x 1080, ஏறக்குறைய 20 லட்சம். 4கேயில் 3840 x 2160, ஏறக்குறைய 83 லட்சம். பழைய தரத்திலிருந்து முழு எச்.டி.க்கு ஐந்து மடங்கு. அங்கிருந்து 4கேக்கு நான்கு மடங்கு.

புள்ளிகள் கூடினால் மட்டும் போதாது. கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல பார்வை உள்ள ஒருவரின் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறியும். இதைக் கொண்டு ஓர் எளிய வழி சொல்லலாம்: திரையின் அகலத்தை 1.8ஆல் பெருக்குங்கள். அந்தத் தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்தால் முழு எச்.டி.யின் புள்ளிகளே கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. அங்கே 4கேயின் கூடுதல் புள்ளிகளால் பயனில்லை.

55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செண்டிமீட்டர். எனவே எல்லை 2.2 மீட்டர். எங்கள் முன் ஹாலில் சுவரிலிருந்து நாற்காலி வரை அளந்தேன்: 2.6 மீட்டர். "கடையில பார்த்தப்ப அவ்வளவு தெளிவா இருந்துச்சே" என்றார் அப்பா. உண்மைதான். கடையில் நாம் ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கிறோம். அங்கே ஓடுவதும் 4கேயிலேயே எடுத்த விளம்பரப் படம். வீட்டில் தூரமும் வேறு, நிகழ்ச்சியும் வேறு.

அப்படியானால் எச்.டி.யே வீணா? இல்லை. அதே 2.6 மீட்டரில் 43 அங்குலத் திரையில் பழைய தரத்துக்கும் எச்.டி.க்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரியும். முகங்களும், படத்துக்குக் கீழே வரும் மலாய் எழுத்துகளும் கூர்மையாக இருக்கும். பாட்டியைப் போல் பார்வை மங்கியவர்களுக்குப் புள்ளிகளின் எண்ணிக்கையை விட எழுத்தின் அளவுதான் முக்கியம்.

32 அங்குலம் வாங்குவோருக்கு ஒரு தகவல். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் 1366 x 768 புள்ளிகளே இருக்கும். இரண்டு மீட்டருக்கு அப்பால் உட்காருவோருக்கு இதற்கும் முழு எச்.டி.க்கும் வித்தியாசம் தெரியாது.

அடுத்து, பெட்டிக்குள் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். பழைய தரத்தில் வரும் ஒளிபரப்பை எந்தப் பெட்டியும் உண்மையான 4கேயாக மாற்றிவிடாது. 1964இல் வந்த 'கர்ணன்' படச்சுருளில் எடுக்கப்பட்டதால் 2012இல் புதுப்பித்துத் திரையரங்குகளில் மீண்டும் வெளியிட முடிந்தது. வீடியோ நாடாவில் பதிவான பழைய தொடர்களில் அவ்வளவு விவரமே இல்லை.

இலவச டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மாதக் கட்டணம் கிடையாது. ஈப்போ வட்டாரத்துக்கு அலைகள் கிளேடாங் மலையிலிருந்து வருகின்றன. டிஜிட்டலில் அலை பலவீனமானால் புள்ளி விழாது. படம் உறைந்து நின்றுவிடும். மலை மறைக்கும் தோட்டப்புறங்களில் 4கே பெட்டியை விட நல்ல ஏரியலுக்குச் செலவழிப்பதே பலன் தரும்.

இணையம் வழி பார்ப்போர் தரவையும் கணக்கில் கொள்ள வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு எச்.டி. 3 ஜிகாபைட் வரையிலும், 4கே 7 ஜிகாபைட் வரையிலும் செலவாகும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீட்டில் இரண்டு படம் பார்ப்பதற்குள் தம்பி தங்கையின் இணைய வகுப்புக்குத் தரவு தீர்ந்து போகலாம்.

ஒன்றை மறுக்க முடியாது. பெரிய பெட்டிகள் இன்று பெரும்பாலும் 4கேயாகவே வருகின்றன. சிலவற்றில் வண்ணமும் வெளிச்சமும் மேம்பட்டவை. பெரிய ஹாலும் வேகமான இணையமும் கையில் பணமும் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் 4கே என்ற ஒரு சொல்லுக்காகக் கடன்பட வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு 43 அங்குல முழு எச்.டி. பெட்டி வந்தது. மிச்சமான பணம் தம்பியின் மடிக்கணினிக்கு முன்பணமானது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தால் மூன்றைக் கவனியுங்கள். நாற்காலிக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை அளங்கள். வீட்டில் அதிகம் பார்ப்பது எந்த ஒளிபரப்பு, அது எந்தத் தரத்தில் வருகிறது என்று பாருங்கள். மாதத் தவணையோடு தவணைக் காலத்தையும் பெருக்கி மொத்தத் தொகையைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். பள்ளியில் படித்த கோணமும் பெருக்கலும் வீட்டுச் செலவுக்கு உதவுமென்றால், அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.