பெங்களூர் நாகரத்தினம்மாள்

ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் பக்கம் பாட்டு வகுப்புக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள் தியாகராசர் கீர்த்தனைகளைக் கற்கிறார்கள். அவருடைய சமாதியைக் கட்டியது நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஓர் அம்மையார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லலாமே!

நாகரத்தினம்மாள் 1878இல் நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் பிறந்தவர். பாடிப் பெரும்பொருள் ஈட்டியவர். படிப்பும் சாமானியமல்ல. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் பாடிய 'ராதிகா சாந்த்வனம்' என்னும் காவியம் இவர் கைக்கு வந்தது. அச்சான பதிப்பில் சில பாடல்களையே காணோம். மூலச்சுவடியைத் தேடிப் பிடித்து, 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். சிருங்காரம் மிகுதி என்று கந்துகூரி வீரேசலிங்கம் போன்ற பெரியவர்களே முத்துப்பழனியைப் பழித்திருந்தார்கள். ஆண் புலவர் இதைவிட அதிகமாகப் பாடினால் இலக்கியம், பெண் பாடினால் மட்டும் வெட்கக்கேடா என்பது இவர் வாதம். நியாயமான கேள்விதானே? வெள்ளையர் அரசு 1911இல் நூலுக்குத் தடை விதித்தது. பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்த 1946–47 காலத்தில்தான் அது விலகியது.

இதனிடையே திருவையாற்றில் பாழடைந்து கிடந்த சமாதிக்குத் தம் சொத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பி, குடமுழுக்கும் நடத்தினார். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாதாம்! கட்டியவருக்கே இடமில்லை. அம்மையார் சும்மா இருக்கவில்லை. பெண்களைக் கூட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். பிரிந்து கிடந்த கோஷ்டிகள் 1940களின் தொடக்கத்தில் ஒன்றான பிறகு, பெண்களும் அங்கே பாடினார்கள்.

1952இல் அம்மையார் மறைந்தார். தியாகராசர் சன்னதியை நோக்கியபடி அவருடைய சிலை அங்கேயே இருக்கிறது.