ஐப்பசியில் மேகமலை ட்ரிப்பா? ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுடுங்க!

தீபாவளி லீவுக்கு வருசநாட்டு மலைப்பக்கம் பைக்கில் கிளம்புறீங்களா? தடியா ஒரு ஸ்வெட்டர் போதும்னு நினைச்சா, சிக்கல்தான்.

அடிவாரத்தில் சின்னமனூரில் வியர்க்கும். மேலே மேகமலை சுமார் 1,500 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினாலே வெப்பநிலை தோராயமாக 6 டிகிரி குறையும். கூடவே வடகிழக்குப் பருவமழை வேறு!

காட்டன் டி-ஷர்ட் வியர்வையையும் மழையையும் குடித்துவிட்டு லேசில் காயாது. அதோடு பைக் காற்றும் சேர்ந்தால் உடம்புச் சூடு மளமளவென இறங்கும். உடம்பு வெடவெடன்னு நடுங்க ஆரம்பித்தால் வண்டியை ஓரங்கட்டி, ஈர உடையை மாற்றிவிடுங்க. ஹைப்போதெர்மியா அப்படித்தான் தொடங்கும்.

அதனால் உள்ளே சீக்கிரம் காயும் பாலியஸ்டர் டி-ஷர்ட், நடுவில் ஃப்ளீஸ், மேலே ரெயின்கோட். வெயிலில் ஏறும்போது ஃப்ளீஸ் பையிலேயே இருக்கட்டும். குளிர் தட்டியதும் போட்டுக்கலாம். ஜீன்ஸும் காட்டன்தான், நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும். டிராக் பேன்ட் பெட்டர்.

தேயிலைத் தோட்டப் பக்கம் நடந்தால் அட்டை ஏறும். பேன்ட் நுனியை நீளமான சாக்ஸுக்குள் செருகிக்குங்க. வெளிர் நிற சாக்ஸில் அட்டை சட்டுனு தெரியும்.

மாற்றுத்துணி ஒரு செட்டை கவரில் சுற்றி வையுங்க. அந்த கவரை மலையில் போட்டுட்டு வந்துடாதீங்க, 2021 முதல் அது புலிகள் காப்பகம்.