குளிர்கால ஏரியில் குழந்தையின் தூண்டில்

குழந்தைக்கு மீன்பிடிக்கக் கற்றுத்தரக் கோடைதான் ஏற்ற காலம் என்பது பொதுவான எண்ணம். டெக்சஸ் ஏரிகளில் வாழும் ஒயிட் பாஸ் மீன் அந்த எண்ணத்தை மாற்றிவிடும். குளிர்காலத்தில் அது ஷாட் எனும் சிறுமீன்களைத் துரத்திக்கொண்டு ஆழத்தில் பெருங்கூட்டமாகச் சேர்கிறது. மேலே கடற்காகங்கள் பாய்ந்தால் கீழே இரை இருக்கிறது என்று பொருள். அங்கே படகை நிறுத்திவிட்டால் தூண்டிலை வீசத் தெரிய வேண்டியதில்லை. ஈயத்தாலான போலி இரையை நேராக இறக்கினால், அடி தட்டியதும் தூண்டில் நரம்பு தொய்யும். ஒரு முழம் தூக்கி, மெல்ல இறங்க விட வேண்டும். பெரும்பாலும் இறங்கும்போதுதான் மீன் கவ்வும். ஆறு வயதுக் கைக்கும் இது வசப்படும். காத்திருக்கும் பொறுமை பிறகு வரட்டும். முதலில் நரம்பின் துடிப்பைக் கை உணரட்டும்.

குளிரில் குழந்தையை வாட்டலாமா என்பது நியாயமான கேள்வி. ஆபத்து காற்றைவிடத் தண்ணீரில்தான் அதிகம். விழுந்தால் சில நிமிடங்களிலேயே கைகால் விறைத்துவிடும். டெக்சஸில் 26 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது 13 வயதுக்குட்பட்டவர்கள் உயிர்காப்பு அங்கி அணிந்தே ஆக வேண்டும். நின்ற படகிலும் அதைக் கழற்றக் கூடாது என்பேன். காற்று பலமாக இருந்தால் போகவே வேண்டாம். இன்னொரு கேள்வி: கூட்டமாகச் சிக்கும் மீனை இப்படிப் பிடித்தால் இனம் அழியாதா? ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 மீன், 10 அங்குலத்துக்குக் குறைந்ததை நீரில் விட்டுவிட வேண்டும் என்பது மாநிலத்தின் பொதுவிதி. 17 வயதுக்குட்பட்டோருக்கு உரிமம் தேவையில்லை, அளவுகோல் தேவை. அதைக் குழந்தையின் கையிலேயே கொடுங்கள்.