கட்டை விரலுக்குப் புது மூட்டு!

வலது கைக் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது அதே கையால் சட்டைப் பொத்தானைப் போடுங்கள், பார்க்கலாம்.

முடியவில்லை அல்லவா?

பேனா பிடிக்க முடியாது. சாவியைத் திருப்ப முடியாது. ஊசியில் நூல் கோக்க முடியாது. மற்ற நாலு விரல்கள் இருந்தும் என்ன பயன்? கை செய்கிற வேலையில் 100-க்கு 40 பங்கு கட்டை விரலுடையது என்று டாக்டர்கள் கணக்குச் சொல்வது வழக்கம்.

அந்த விரலே வலித்தால்?

50 வயதைத் தாண்டிய பெண்கள் பலருக்கு இந்த வலி வருகிறது. ஆண்களுக்கும் வரும். ஆனால் பெண்களுக்கே அதிகம். முதலில் புட்டி மூடியைத் திருகும்போது "சுருக்" என்று இருக்கும். பிறகு துணி பிழியும்போது வலிக்கும். நாளாக ஆக, சும்மா இருக்கும்போதும் வலிக்கும். ராத்திரி தூக்கம் போய்விடும். விரலின் அடியில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில், எலும்பு புடைத்துக்கொண்டு நிற்கும்.

காலை நொண்டி நடப்பவரைக் கண்டால் எல்லோரும் இரங்குவார்கள். மூடியைத் திறக்க முடியாதவரைக் கண்டு யார் இரங்குகிறார்கள்? "வேலைக்குச் சோம்பல்" என்றுதான் சொல்வார்கள்!

குதிரைச் சேணம்

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, கட்டை விரலின் நேர் அடியில் இருக்கிறது. அதன் பெயர் டிரப்பீசியம். அதன் மேல்பக்கம் குதிரைச் சேணம் போல வளைந்திருக்கும். கட்டை விரலின் அடி எலும்பு, சேணத்தில் ஆள் உட்காருவது போல அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கட்டை விரலை முன்னும் பின்னும் சாய்க்கலாம், பக்கவாட்டிலும் சாய்க்கலாம், மற்ற நாலு விரல்களின் நுனியையும் தொடலாம்.

ஆனால் இந்தச் சின்ன மூட்டு சுமக்கும் பாரம் கொஞ்சமல்ல. விரல் நுனியில் 1 கிலோ அழுத்தம் கொடுத்து ஒரு பொருளைக் கிள்ளிப் பிடித்தால், அடி மூட்டில் சுமார் 12 கிலோ பாரம் இறங்குகிறது. ஒரு பொருளைப் பலமாக இறுக்கிப் பிடித்தால், அது 120 கிலோ வரை போகலாம். 1977-ம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு இது.

இரண்டு எலும்புக்கும் நடுவே வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. பல ஆண்டுகள் உழைத்தபின் அது தேய்ந்துவிடும். அப்புறம் எலும்போடு எலும்பு உரசும். வலிக்குக் காரணம் அதுதான்.

உடனே கத்தியை எடுப்பதில்லை. முதலில் விரல் அசையாதபடி பட்டை கட்டுகிறார்கள். வலி மாத்திரை, பயிற்சி, மூட்டுக்குள் ஊசி என்று பார்க்கிறார்கள். பலருக்கு இதுவே போதும். இத்தனைக்கும் அடங்காத வலி இருந்தால்தான் ஆபரேஷன்.

எலும்பையே எடுத்துவிட்டார்!

இங்கிலாந்து டாக்டர் ஜெர்விஸ், 1949-ல் ஒரு வழியை வெளியிட்டார். உரசுகிற டிரப்பீசியம் எலும்பை முழுவதும் எடுத்துவிடுவது! எலும்பு இல்லை; உரசல் இல்லை; வலியும் இல்லை.

கேட்டால் திகைப்பாக இருக்கும். ஆனால் பலன் இருந்தது. அந்த வெற்றிடத்தில் தழும்புச் சதை வளர்ந்து விரலைத் தாங்கியது. இன்றைக்கும் உலகம் முழுவதும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. குறையும் உண்டு. கட்டை விரல் கொஞ்சம் குட்டையாகிவிடும். பிடியில் பலம் திரும்புவதற்குப் பல மாதங்கள் ஆகும்.

"எடுத்த இடத்தில் வேறு எதையாவது வைத்தால் என்ன?" என்று டாக்டர்கள் யோசித்தார்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த டாக்டர் ஆல்பிரட் சுவான்சன், 1960-களில் சிலிக்கோன் ரப்பரால் கை மூட்டுகள் செய்தார். டிரப்பீசியத்துக்குப் பதிலாகவும் ஒரு ரப்பர் எலும்பு வந்தது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வலி போயிற்று, விரலும் குட்டையாகவில்லை.

ஆனால் சில ஆண்டுகளில் வேறு கதை நடந்தது. சிலருக்கு ரப்பர் இடம் விட்டு நழுவியது. சிலருக்குத் தேய்ந்து பொடியானது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடி பக்கத்து எலும்புகளில் புகுந்து வீக்கத்தை உண்டாக்கியது. எக்ஸ்ரே படத்தில் பார்த்தால் எலும்பில் ஓட்டைகள்! நோயைவிட மருந்து கெடுதலாகிவிட்டது.

பந்தும் கிண்ணமும்

இதற்கிடையில் இடுப்பு மூட்டில் பெரிய வெற்றி கிடைத்திருந்தது. இங்கிலாந்தில் டாக்டர் ஜான் சார்ன்லி, 1962-ல் ஓர் உலோகப் பந்தும், அது சுழல ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்து, நொண்டியவர்களை நடக்க வைத்தார்.

அதைச் சிறியதாக்கிக் கட்டை விரலில் வைத்தால்? பிரெஞ்சு டாக்டர் டி லா காபினியேர் 1970-களின் தொடக்கத்தில் அதைச் செய்தார். கட்டை விரல் எலும்பில் பந்து, டிரப்பீசியத்தில் கிண்ணம்.

எலும்பை எடுப்பதற்குப் பதிலாக அதையே கிண்ணத்துக்கு ஆதாரமாக்கியதுதான் இதில் புதுமை. ஆனால் அந்தச் சிறிய எலும்பில் கிண்ணம் சிலருக்கு ஆடிப்போயிற்று. கடுமையாக உழைக்கும் ஆண்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். சிலருக்குப் பந்து கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிட்டது.

அதற்கும் இடுப்பிலிருந்தே வழி பிறந்தது. 1970-களில் பிரான்சில் சேந்த் எத்தியன் நகரத்து டாக்டர் பூஸ்கே, பந்துக்குள் பந்து வைத்தார். சின்ன உலோகப் பந்து, பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் சுழலும்; அந்தப் பெரிய பந்து, கிண்ணத்துக்குள் சுழலும். சுலபத்தில் நழுவாது. 2010-களில் இந்த அமைப்பு கட்டை விரலுக்கும் வந்தது. ஐரோப்பாவில் இப்போது இந்த வகை ஆபரேஷன் நிறைய நடக்கிறது.

கைக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டாலே போதும். விரலின் அடியில் சில சென்டிமீட்டர் கீறி, தேய்ந்த எலும்பு முனையை அறுத்து எடுக்கிறார்கள். டிரப்பீசியத்தில் குழி செய்து கிண்ணத்தை அழுத்திப் பதிக்கிறார்கள். பசை எதுவும் கிடையாது. சொரசொரப்பான கிண்ணத்தின்மேல் எலும்பே வளர்ந்து கவ்விக்கொள்ளும். பலர் அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். எலும்பை எடுத்தவர்களைவிடச் சீக்கிரமாக இவர்களுக்குப் பிடிபலம் திரும்புகிறது.

அப்படியானால் எல்லோரும் இதையே செய்துகொள்ளலாமா? கூடாது. டிரப்பீசியம் மிகவும் சிறுத்துப்போயிருந்தால் கிண்ணம் நிற்காது. அடுத்த மூட்டும் தேய்ந்திருந்தால், கிண்ணம் வைத்தபின்னும் வலி மிச்சமிருக்கலாம். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால், இரண்டு ஆபரேஷனுக்கும் உள்ள வித்தியாசமும் குறைந்துவிடுகிறது. புது மூட்டின் விலையும் கொஞ்சமல்ல.

ஆனால் ஒன்று. வைத்த கிண்ணம் பிற்பாடு ஆடிப்போனால், அதைக் கழற்றி, டிரப்பீசியத்தையும் எடுத்துவிடலாம். டாக்டர் ஜெர்விஸ் காட்டிய பழைய வழி அப்போதும் திறந்திருக்கும். முதலிலேயே எலும்பை எடுத்துவிட்டால், பிறகு கிண்ணம் வைக்க இடமில்லை. எக்ஸ்ரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரும் நோயாளியும் உட்கார்ந்து பேசும்போது, முக்கியமாக யோசிக்க வேண்டியிருப்பது இதைத்தான்.