காருக்கு நெற்றிப் பொட்டு!

பெண்ணுக்குப் பட்டுச் சேலை கட்டியாகிவிட்டது. தலை நிறையப் பூவும் வைத்தாகிவிட்டது. ஆனால், நெற்றியில் பொட்டு இல்லை. பார்க்கிற பாட்டி சும்மா இருப்பாளா? "என்னடியம்மா, பொட்டு வைக்க மறந்துவிட்டாயே!" என்பாள்.

பழைய மோட்டார் காருக்கும் இதே கதைதான். என்ஜினைப் பழுது பார்க்கலாம். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்கலாம். சாயம் அடித்துப் பளபளக்கச் செய்யலாம். ஆனால், காரின் முகப்பில் இருந்த சின்னம் காணாமல் போயிருந்தால்? எவ்வளவு செலவு செய்தாலும் அந்தக் கார் பொட்டில்லாத முகம்தான்!

அந்தச் சின்னம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சில சமயம் அதைத் தேடிப் பிடிப்பது என்ஜினைத் தேடிப் பிடிப்பதைவிடக் கஷ்டமான காரியம்!

கடற்காற்று செய்யும் வேலை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே இருக்கிறது செம்மங்குப்பம். கடல் அதிக தூரத்தில் இல்லை. உப்புக் காற்று வீசும் பகுதி. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய கார் கொட்டகையில் பல ஆண்டுகள் நின்றால் என்ன ஆகும்?

முதலில் சின்னத்தின் மீது சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றும். பிறகு அம்மைக் கொப்புளம் போல முலாம் உப்பும். அப்புறம் செதில் செதிலாக உதிரும். உள்ளே சாம்பல் நிற உலோகம் பொடிப் பொடியாக இருக்கும்.

காரணம் என்ன? பழைய கார்களின் சின்னங்களில் பெரும்பாலானவை பித்தளை அல்ல. அவை துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. அது மலிவு. சுமார் 390 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். ஆகவே ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளலாம். ஆனால், அந்தக் கலவையில் காரீயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் போச்சு! நாளடைவில் உலோகம் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு நொறுங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உடைந்த சின்னத்தைப் பற்றவைக்கிறேன் என்று யாராவது தீயைக் காட்டினால் அவ்வளவுதான். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். துத்தநாகக் கலவையோ அதில் பாதிச் சூடு கூடத் தாங்காது. கண்ணெதிரே உருகி ஓடிவிடும்!

சென்னையில் பிறந்த கார்

"புதிதாக ஒன்று வாங்கி மாட்ட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். எங்கே வாங்குவது? செய்த கம்பெனியே இல்லையே!

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அதுதான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. 1961இல் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வெளியிட்டது. இங்கிலாந்தில் அந்தக் காருக்கு டிரையம்ப் ஹெரால்டு என்று பெயர். நம் நாட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதிலே நான்கு கதவு வைத்த மாடல் இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. 1980களின் கடைசியில் அங்கே கார் உற்பத்தி நின்றுவிட்டது.

இங்கிலாந்திலிருந்து டிரையம்ப் சின்னத்தை வரவழைத்து நம் ஹெரால்டில் மாட்டலாமா? மாட்டலாம். ஆனால், அது பக்கத்து வீட்டுக்காரர் பெயரை நம் வீட்டு வாசலில் எழுதி வைத்தது போல இருக்கும்!

பம்பாயில் செய்யப்பட்ட பியட் காரும் இப்படித்தான். 1970களில் அதன் பெயர் முதலில் பிரிமியர் பிரசிடெண்ட் என்று மாறியது. பிறகு பிரிமியர் பத்மினி ஆயிற்று. உருவம் ஏறக்குறைய ஒன்றுதான். சின்னம் வேறு. எந்த ஆண்டுக் காருக்கு எந்தச் சின்னம் என்று தெரியாமல் மாட்டினால், விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

அம்பாசிடர் கார் கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 1950களின் கடைசியில் பிறந்தது. 2014இல் உற்பத்தி நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய கார். அதிலும் மாடலுக்கு மாடல் முகப்பு மாறியது.

ஆகவே, பழைய கார் வைத்திருப்பவர்கள் சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் ஒரே வழிதான். புதிதாகச் செய்ய வேண்டும்.

நடராஜரும் ரோல்ஸ் ராய்ஸும்

கார்ச் சின்னங்களில் உலகப் புகழ் பெற்றது ரோல்ஸ் ராய்ஸ் காரின் முகப்பில் நிற்கும் மங்கை. காற்றிலே ஆடை பறக்க, முன்னே சாய்ந்து நிற்பாள். சார்லஸ் சைக்ஸ் என்ற ஆங்கிலச் சிற்பி 1911இல் வடித்த உருவம் அது.

அதை எப்படி வார்த்தார்கள் தெரியுமா? மெழுகு வார்ப்பு முறையில்! அதாவது, நம் நடராஜரை வார்க்கும் அதே முறையில்!

சிதம்பரத்திலிருந்து தெற்கே போனால் கும்பகோணம். அதன் அருகே சுவாமிமலை. அங்குள்ள ஸ்தபதிகள் இன்றும் அந்த முறையில்தான் விக்கிரகம் வார்க்கிறார்கள்.

தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து காய்ச்சி, அதிலே உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். காய்ந்ததும் இன்னும் கெட்டியாக மண் பூசி, கம்பியால் கட்டுகிறார்கள். பிறகு சூடு காட்டினால், மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே வெற்றிடம். அதிலே உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால், உள்ளே சாமி!

மண் அச்சு ஒரு தடவைக்குத்தான். மறுபடி அது உதவாது. ஆகவே ஒன்றைப் போல மற்றொன்று அச்சு அசலாக இருக்காது. ரோல்ஸ் ராய்ஸின் பழைய மங்கைகளும் அப்படித்தான். ஒன்றுக்கொன்று நூலிழை வித்தியாசம் இருக்கும்.

கார்ச் சின்னத்தையும் இந்த முறையில் பித்தளையில் வார்க்கலாம். துத்தநாகத்தைவிடப் பித்தளை நெடுநாள் உழைக்கும்.

ஒன்றரை மில்லிமீட்டர் வம்பு

பழைய சின்னம் ஒன்றை இரவல் வாங்கி, அதை வைத்து அச்சு எடுத்து வார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கலாம். அங்கேதான் இருக்கிறது வம்பு!

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். பித்தளை நூற்றுக்குச் சுமார் ஒன்றரை பங்கு சுருங்குகிறது. அதாவது 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சின்னத்தைப் பார்த்து வார்த்தால், வருவது ஒன்றரை மில்லிமீட்டர் குறைவாக இருக்கும். அந்த நகலைப் பார்த்து இன்னொரு நகல் எடுத்தால், மூன்று மில்லிமீட்டர் குறைந்துவிடும்.

"இம்மி அளவுதானே!" என்று தள்ளிவிட முடியாது. சின்னத்தின் பின்னால் இரண்டு மூன்று ஆணிக் கால்கள் இருக்கும். காரின் முகப்பில் அவற்றுக்குத் துளைகள் இருக்கும். கால் துளையில் நுழையாது!

ஆகவே கைதேர்ந்தவர்கள் முதலிலேயே அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்துகொள்கிறார்கள். இப்போது கம்ப்யூட்டர் இதற்கு உதவுகிறது. பழைய சின்னத்தை ஒளிக்கதிரால் அளந்து படமாக்குகிறார்கள். உடைந்த மூலையைப் படத்திலேயே நிரப்புகிறார்கள். நூற்றுக்கு ஒன்றரை பங்கு பெரிதாக்குகிறார்கள். பிறகு ஓர் இயந்திரம் அந்த உருவத்தை மெழுகிலோ பிசினிலோ அடுக்கடுக்காகக் கட்டித் தருகிறது. அதன் பிறகு வார்ப்பு பழைய வார்ப்புதான். அரமும் கையும்தான் கடைசி மெருகைத் தர வேண்டும்.

கண்ணாடிப் பொடியில் வண்ணம்

சில சின்னங்களில் நீலம், சிவப்பு, பச்சை என்று வண்ணம் மின்னும். அது சாயம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல பழைய சின்னங்களில் அது சாயம் அல்ல, கண்ணாடி!

கண்ணாடியைப் பொடி செய்து, சின்னத்தின் பள்ளங்களில் நிரப்பி, சுமார் 800 டிகிரி சூட்டில் வைப்பார்கள். பொடி உருகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். கோபால்ட் கலந்தால் நீல நிறம் கிடைக்கும். ஜெய்ப்பூர் நகைகளில் காணும் மீனா வேலையும் இதே வகைதான். இந்தச் சூட்டைத் தாங்கச் செம்பு போன்ற உலோகம் வேண்டும். துத்தநாகக் கலவை தாங்காது. ஆகவே இன்று பலர் வண்ணப் பிசினை ஊற்றிக் காயவைக்கிறார்கள். தூரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விலை குறைவு. ஆனால், கண்ணாடியைப் போல நிறம் நிலைப்பதில்லை.

முலாமில் ஒரு சூட்சுமம்

கடைசி வேலை முலாம். முதலில் செம்பு, அதன்மேல் நிக்கல், அதன்மேல் குரோமியம் என்று மூன்று பூச்சு. மேலே இருக்கும் குரோமியம் நம் தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு கூட இருக்காது!

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குரோமிய முலாம் கார்களுக்குப் பரவலாக வந்தது 1920களின் கடைசியில்தான். அதற்கு முந்திய கார்களில் நிக்கல் முலாம்தான் இருந்தது. நிக்கலின் மினுமினுப்பில் லேசான மஞ்சள் இருக்கும். குரோமியத்தில் நீலச் சாயல் இருக்கும். 1922ஆம் ஆண்டுக் காருக்குக் குரோமியம் பூசினால், குட்டு உடனே வெளிப்பட்டுவிடும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முலாம் தொட்டியில் உள்ள குரோமியக் கரைசல் கொடிய விஷம். புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. அதன் கழிவு நீரைச் சுத்தம் செய்யாமல் சாக்கடையில் விட்டால், ஊர்க் கிணறு கெடும். காரின் முகம் பளபளக்க, பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் கெடலாமா? கூடாது. ஒழுங்கான அனுமதி பெற்ற பட்டறையில்தான் முலாம் பூசக் கொடுக்க வேண்டும்.

நகலா? போலியா?

இப்போது முக்கியமான கேள்வி. இப்படிப் புதிதாகச் செய்த சின்னம் நகலா, போலியா?

தஞ்சைச் சீமையில் நடந்த ஒரு விஷயம் இதற்குப் பதில் சொல்லும். கும்பகோணத்துக்கு அருகே சிவபுரத்தில் 1951இல் பூமிக்கடியிலிருந்து ஒரு நடராஜர் சிலை கிடைத்தது. சோழர் காலத்துச் சிலை. பழுது பார்ப்பதற்காக அதைக் கொடுத்தார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்தது அந்தச் சிலை அல்ல. அதைப் போலச் செய்த நகல்! உண்மையான நடராஜர் பம்பாய் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். வழக்குகள் நடந்து, 1986இல்தான் நாடு திரும்பினார்.

நகல் செய்தது தவறா? இல்லை. ஸ்தபதிகள் தினமும் செய்கிற வேலை அது. நகலைக் கொடுத்து "இதுதான் அசல்" என்று சொன்னதுதான் தவறு. கைத்தொழில் ஒன்றுதான். வாய்ச்சொல்தான் அதைக் கலையாகவும் ஆக்குகிறது, களவாகவும் ஆக்குகிறது.

கார்ச் சின்னத்திலும் இதேதான் நியாயம். இந்தியாவில் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் இருக்கிறது. ஒரு கம்பெனியின் சின்னத்தைப் போலியாகச் செய்து விற்றால் சிறைத் தண்டனை வரை உண்டு. வெளிநாட்டுக் கம்பெனிகள் சில, தங்கள் பழைய கார்களுக்குத் தாங்களே புதிய சின்னம் செய்து விற்கின்றன. அப்படிக் கிடைத்தால் அதுவே உத்தமம்.

2021இல் மத்திய அரசு இன்னொரு விதி கொண்டு வந்தது. 50 வயது தாண்டிய வண்டிகளைப் "பழம்பெரும் வண்டி" என்று பதிவு செய்துகொள்ளலாம். பதிவு எண்ணிலே "வி.ஏ." என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம். 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால், வண்டி அதன் அசல் உருவத்தில் இருக்க வேண்டும். பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது.

ஆகவே, எது பழசு, எது புதிது என்று காரின் சொந்தக்காரர் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. புதிய சின்னத்தின் முதுகில் செய்த ஆண்டைச் செதுக்கி வைத்தால் இன்னும் நல்லது. முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அழகு. பின்னால் திருப்பிப் பார்ப்பவருக்கு உண்மை.

மறைக்காத மாதிரி

கோவை அவினாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. விஞ்ஞானி ஜி.டி. நாயுடுவின் பெயர் தாங்கியது. 2015இல் திறக்கப்பட்டது. அங்கே 1886ஆம் ஆண்டு பென்ஸ் மோட்டார் வண்டி ஒன்று நிற்கிறது. மூன்று சக்கர வண்டி. அது அசல் அல்ல, மாதிரிதான். அதை யாரும் மறைக்கவில்லை. மறைக்காததால் அதன் மதிப்பு குறைந்துவிட்டதா? இல்லை. உலகத்தின் முதல் மோட்டார் வண்டி எப்படி இருந்தது என்று பிள்ளைகள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் தாத்தாவின் கார் ஒன்று தூசி படிந்து கிடக்கலாம். அதைப் பழைய இரும்புக்குப் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். முகப்பில் இருக்கும் சின்னத்தை ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். புளியும் மணலும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! உடைந்திருந்தாலும் குப்பையில் எறியாதீர்கள். எங்கோ ஒரு காருக்குப் பொட்டு வைக்க, அந்த உடைந்த துண்டுதான் அச்சாக உதவப் போகிறதோ என்னவோ!