செவிக்கு ஒரு வேலி

சென்னை போன்ற பெருநகரங்களில் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். ஓர் இல்லத்து மணவிழா முழக்கம் அடுத்த இல்லத்து நோயாளியின் உறக்கத்தைக் கெடுக்கும். தேர்வுக்குப் பயிலும் மாணவனின் கருத்தைச் சிதைக்கும். கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கோ மூடி இல்லை. ஆதலின் சட்டம் அதற்கு வேலியாயிற்று.

இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் ஒலி மாசு விதிகளை வகுத்தது. ஒலியை அளக்கும் அலகு டெசிபெல் எனப்படும். குடியிருப்புப் பகுதியில் ஒலி பகலில் 55, இரவில் 45 டெசிபெலுக்கு மிகுதல் கூடாது. விழாக்காலத்தில் அரசு அளிக்கும் தனி இசைவு ஒழிய, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி முழங்கலாகாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றின் சுற்றுப்புறம் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். ஆங்கு வரம்பு மேலும் 5 டெசிபெல் குறைவு.

மீறுவோர்க்குத் தண்டனை உண்டு. எனினும், அயலார் துயிலைத் தம் துயில்போல் எண்ணுவாரே நகர வாழ்வுக்குத் தக்கவர் ஆவர்.