மிச்சம் வைத்தால் சுரக்காது

‘ஆஸ்பத்திரியில் இருந்தவரை மகளுக்குப் பால் நன்றாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டே வாரத்தில் பத்தவில்லை. பால் பெருக்கும் பவுடர் ஏதாவது வாங்கலாமா?’ என்று கேட்கிறார் புதிதாகப் பாட்டியாகியிருக்கும் வாசகி ஒருவர்.

காசு மிஞ்சிக் கிடந்தால் வாங்கலாம். சதாவரிப் பவுடர், வெந்தயக் காப்ஸ்யூல், சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு எதற்குமே அடித்துச் சொல்லும்படி சான்று கிடையாது. பிள்ளை பெற்றவள் வயிறாரச் சாப்பிட ஒரு சாக்கு என்ற வகையில் புட்டுக்கும் குழம்புக்கும் என் ஓட்டு உண்டு. பவுடருக்கு இல்லை.

முதல் சில நாட்கள் எல்லாம் ஹார்மோன் ராஜ்ஜியம். நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரொஜெஸ்டரோன் சரிய, இரண்டு மூன்று நாளில் பால் கட்டிக்கொள்கிறது. சிசேரியன் என்றால் கொஞ்சம் தாமதமாகலாம். பிறகு அதிகாரம் கைமாறுகிறது: ஒவ்வொரு மார்பும் தன் கணக்கைத் தானே பார்க்க ஆரம்பிக்கிறது.

தெருமுனை இட்லிக்கடை அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். ஹாட் பாக்ஸில் இட்லி மிச்சமிருந்தால் அடுத்த ஈடு ஊற்ற மாட்டார். காலியானால்தான் மாவுப் பாத்திரத்தில் கரண்டி விழும். மார்புக்கும் அதே வியாபார புத்தி. தேங்கிய பாலே ‘போதும், நிறுத்து’ என்று சுரக்கும் செல்களுக்குச் சேதி சொல்கிறது.

இதை ஆடுகள்தான் காட்டிக்கொடுத்தன. ஆய்வாளர் மால்கம் பீக்கரும் சகாக்களும் ஒரு பக்க மடியை மட்டும் கூடுதலாகக் கறந்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் சுரப்பு ஏறியது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே ரத்தம், ஒரே தீவனம், ஒரே ஹார்மோன். ஒரே முதலாளியின் இரண்டு கிளை, தனித்தனிக் கல்லா! அடுத்து, 1980களில் ஸ்காட்லாந்தில், கறந்த பாலுக்குப் பதில் அதே அளவு சர்க்கரைக் கரைசலை மடிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். மடியின் கனம் குறையவில்லை. அப்படியும் சுரப்பு ஏறியது. இட்லியை எடுத்துவிட்டு ஹாட் பாக்ஸில் கூழாங்கல்லைப் போட்டு வைத்தாலும் அக்கா ஏமாறவில்லை. அவர் பார்ப்பது கனத்தை அல்ல, வாசனையை. (உவமை இதற்கு மேல் தாங்காது.) அந்த ‘வாசனை’ பாலில் உள்ள ஒரு சிறு புரதம் என்றார்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள், செரட்டோனின் என்று பின்னால் வந்தவர்கள் வாதாடுகிறார்கள். பெண்களிடம் இதை அளந்தவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் ஹார்ட்மன். மார்பு எவ்வளவுக்குக் காலியோ, மறுபடி நிரம்பும் வேகம் அவ்வளவுக்கு அதிகம்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். நள்ளிரவு, குழந்தை அழுகிறது. ‘பாவம், அவ தூங்கட்டும்’ என்று அப்பத்தா ஒரு பாலாடை பவுடர் பாலைப் புகட்டுகிறார். பாசம்தான். குழந்தை அசையாமல் தூங்குகிறது. மார்பில் பால் தேங்குகிறது. அடுத்த ஈடு ரத்து. நாலு நாள் இப்படி நடந்தால் சுரப்பு நிஜமாகவே குறைந்து, ‘பத்தலை’ நிரூபணமாகிவிடும். போதாக்குறைக்கு, முதல் வாரம் கல்லாய்க் கட்டியிருந்த மார்பு பிறகு இயல்பாக இளகுவதை ‘வற்றிப்போச்சு’ என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். குழந்தை அழ ஆயிரம் காரணம். வீட்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கும் மாநிலம் நம்முடையது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை இந்திய அளவில் 63.7 சதவீதம், தமிழ்நாட்டில் 55.1. நம் ஊர்ப் பெண்களின் சுரப்பி என்ன மட்டமா? அதைச் சுற்றியிருப்பவை வேறு: 44.9 சதவீதம் சிசேரியன், சீக்கிரம் திரும்பவேண்டிய வேலை, ஆளுக்கொரு யோசனை.

வரலாறு இல்லாமல் ஆசிரியர் விடமாட்டார் என்பதால்: 1981இல் உலக சுகாதார நிறுவனம் பால்மாவு வியாபாரத்துக்கு நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992இல் சட்டமே போட்டு, 2003இல் இறுக்கியது. பால்மாவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் கூடாது. தாய் குடிக்கும் பவுடர் அந்தச் சட்டத்தில் வராது. விளம்பரம் ஏன் அந்தப் பக்கம் கொழிக்கிறது என்று தனியாகச் சொல்லவேண்டுமா?

பால் நிஜமாகவே போதாத தாய்மார்களும் உண்டு. தைராய்டு கோளாறு, உள்ளே தங்கிவிட்ட நஞ்சுத் துணுக்கு என்று காரணங்கள் இருக்கலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு துணியாவது நனைகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் போங்கள். அவர் பால்மாவு எழுதிக்கொடுத்தால் கூசாமல் கொடுக்கலாம். ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பு, பிறகு பாலாடை.